ஊட்டுச் சோறு கேட்டேன்

எனக்குச் சோறு இறங்காமல் போயிற்று. என் கஷ்டம் அவ்வளவுதான். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, பேய் பிசாசு என்று சொல்லவும் ஒன்றும் இல்லை. தட்டின் முன்னால் உட்கார்ந்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். மாரியாத்தாவின் பிள்ளைகளாகிய உங்கள் முன்னால் எத்தனையோ பேர் வந்து பெரிய ஆபத்துகளைச் சொல்லியிருக்கிறார்கள். கிணற்றில் விழுந்து பிழைத்தவர் இருக்கிறார், அம்மை வார்த்து மீண்டவர் இருக்கிறார். அவர்களுக்கு நடுவில் நின்று ஒரு வாய்ச் சோற்றைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான். ஆனால் அந்த ஒரு வாய்ச் சோற்றில்தான் அன்றைக்கு என் படிப்பு முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தது. தாய் அதைக் காப்பாற்றிக் கொடுத்தாள். அதைச் சொல்லாமல் இருந்தால் நன்றி கெட்டவளாகிவிடுவேன்.

என் பெயர் பழனியம்மாள். நாமக்கல் பக்கத்தில் ஒரு சிற்றூர். கடலைக்காடும் குச்சிக்கிழங்குக் காடுமாக எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. சொந்தபந்தமெல்லாம் சேர்ந்து குடியிருக்கிற எங்கள் வளவில் கல்லூரிக்குப் போன முதல் பெண் நான். எழுபத்தாறாம் வருஷம் சேலத்தில் கணிதம் படிக்கச் சேர்ந்தேன். அதற்கு முன் சாப்பாட்டுக்கும் எனக்கும் எந்தச் சண்டையும் இருந்ததில்லை. களியோ கம்பஞ்சோறோ, எது வைத்தாலும் வட்டிலை வழித்துவிட்டுத்தான் எழுவேன். "இவளக் கட்டிக் குடுக்கற ஊட்டுல மொதல்ல நெல்லுக் குதிர் இருக்குதான்னு பாக்கோணும்" என்று அப்பா கேலி செய்வார். எனக்குக் கோபமே வராது. இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்பேன்.

கல்லூரியில் பாடம் முழுக்க இங்கிலீஷில். பள்ளிக்கூடத்தில் தமிழில் கணக்குப் போட்டுச் சூரப்புலி என்று பெயர் வாங்கியவள், அங்கே கரும்பலகையைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தேன். போகப் போகப் புரிந்தது. ஆனால் பயம் மட்டும் வயிற்றில் உட்கார்ந்துகொண்டது. ஊர் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, நான் தோற்றால் எனக்குப் பின்னால் எங்கள் வளவில் எந்தப் பெண்ணையும் அனுப்ப மாட்டார்கள். இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. எனக்கே தெரியும்.

முதல் வருஷப் பரீட்சை நெருங்க நெருங்க வயிறு சுருங்கியது. காலையில் ஹாஸ்டல் உப்புமாவைப் பார்த்தால் குமட்டும். மத்தியானம் சோற்றைப் பிசைவேன், உருட்டுவேன், வாய் வரைக்கும் கொண்டுபோவேன். உள்ளே கதவைச் சாத்தித் தாழ் போட்ட மாதிரி இருக்கும். தண்ணீரும் மோரும்தான் இறங்கும். பசி இல்லையா என்றால் இருந்தது. முதலில் இருந்தது, பிறகு அதுவும் எங்கேயோ போய்விட்டது. பாவாடை நாடாவை இறுக்கி இறுக்கிக் கட்டினேன். ஒரு பரீட்சையில் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டிக்கொண்டு வந்தது. கண்ணைத் திறந்து பார்த்தால் வராந்தாவில் படுத்திருக்கிறேன்.

அப்பா வந்து ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார். இப்போது வேடிக்கையைக் கேளுங்கள். ஊருக்குப் போன மறுநாளே எனக்குப் பசி வந்துவிட்டது! அம்மா அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கிய சோற்றை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். பரீட்சை போய்விட்டது, அதனால் பசி வந்தது என்று இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு யாருக்குத் தெரியும்? ஹாஸ்டல் சோறுதான் குற்றவாளி என்று வீட்டில் எல்லோரும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். "ஊட்டுச் சோறு தின்னா எல்லாஞ் செரியாப் போயிரும்" என்றாள் அம்மா. எங்கள் பக்கம் வீட்டை ஊடு என்போம். வீட்டுச் சோறு எங்களுக்கு ஊட்டுச் சோறு. நானும் அதையே நம்பினேன். அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டே, விட்ட பரீட்சையைப் பின்னால் எழுதித் தேறி இரண்டாம் வருஷத்துக்குப் போனேன்.

இரண்டாம் வருஷம் என் அறைக்குத் திலகா வந்தாள். தம்மம்பட்டிக்காரி. அவளுடைய அப்பா தமிழ் வாத்தியார். வீட்டில் யாராவது ஒரு எழுத்தை விழுங்கிப் பேசினால் சோறு போடுவதற்கு முன்னால் அதைத் திருத்துவாராம். அதனால் திலகா வீட்டை வீடு என்றுதான் சொல்வாள். நான் "போகோணும், வரோணும்" என்றால் அவளுக்குச் சிரிப்பு வரும். அவள் பேச்சு எனக்கு ரேடியோ மாதிரி இருக்கும்.

அவளுக்கும் பரீட்சை என்றால் நடுக்கம்தான். ஆனால் அவளுக்குப் பயம் வந்தால் வாய் மூடாது. கட்டிலுக்கு அடியில் ஒரு பெரிய டப்பா வைத்திருப்பாள். அது நிறைய ஆட்டையாம்பட்டி முறுக்கு. புத்தகத்தைத் திறந்தால் டப்பாவும் திறக்கும். ஒரு பக்கம் படிப்பதற்குள் முறுக்கு ஒன்று காலி. கணக்கு வராவிட்டால் இரண்டு காலி. மெஸ்ஸில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்தும் தின்பாள். "பசிக்குதாடி?" என்று கேட்டால், "இல்லடி, கை நிக்க மாட்டேங்குது" என்பாள். சில நாள் தின்றுவிட்டு அழுவாள். அவள் சட்டைகள் இறுகிக்கொண்டே போக, என் சட்டைகள் தொளதொளத்துக்கொண்டே போயின. எங்களைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் ஹாஸ்டலில் இல்லை.

எழுபத்தெட்டு மாசி மாதத்தில் ஊருக்குப் போனேன். பரீட்சைக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனாலும் மெலிந்துதான் போயிருந்தேன். அம்மா என் கழுத்தெலும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு அழுதாள். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வந்த அன்றைக்கே தொக்கம் எடுப்பவரிடம் கூட்டிப்போனாள். அவர் என் தொண்டையை நீவி, வயிற்றைத் தடவி, கடைசியில் சிக்கியிருந்த சோற்றுப் பருக்கை இதுதான் என்று எடுத்தே காட்டிவிட்டார். சோறு தின்றே நாளாகியிருந்த எனக்குள் அது எப்போது போனது என்று கேட்க நினைத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். அதற்கப்புறம் வீட்டில் இருந்த நாட்களில் அம்மா ஆக்கிய சோறு கொஞ்சம் கொஞ்சம் இறங்கத்தான் செய்தது.

திரும்பிப் போகும்போது அப்பா பஸ் ஏற்றிவிட வந்தார். அவர் சத்தம் போட்டுப் பேசுகிற ஆள் இல்லை. எங்கள் பக்கம் பெற்ற பிள்ளையைச் செல்லமாகச் சாமி என்று கூப்பிடுவார்கள்.

"சாமி, நீ படிக்கறது எனக்குப் பெருமைதான். ஆனா என்ற புள்ள முழுசா இருக்கோணும். இந்தத் தடவையும் சோறு எறங்கலீனா நான் வந்து கூட்டிக்கிட்டு வந்தர்றேன். அப்புறம் படிப்பு வேண்டாம்."

"சரிங்கப்பா" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? அவர் கோபத்தில் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அன்பாகச் சொல்லிவிட்டார்.

பங்குனியும் வந்தது. பரீட்சைக்கு அட்டவணை ஒட்டியதும் என் தொண்டை மறுபடியும் சாத்திக்கொண்டது. ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். நாக்கை நீட்டச் சொன்னார், நாடி பார்த்தார். "உடம்புல ஒண்ணும் இல்லம்மா. மனசு பயந்து கெடக்குது, அதான் வயிறு மூடிக்குது. தைரியமா இரு" என்று சொல்லிப் பசி எடுக்க ஒரு டானிக் கொடுத்தார். தைரியம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று அவர் எழுதிக் கொடுக்கவில்லை. டானிக்கால் எனக்குப் பசி எடுக்கவில்லை. திலகா இருக்கிற அறையில் பசி எடுக்கும் மருந்தை வைத்திருப்பதே ஆபத்து என்று நாங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம். சிரித்துவிட்டு நான் மறுபடியும் மோர் குடித்தேன்.

என் தகரப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் மாரியாத்தாவின் படம் ஒன்று ஒட்டியிருந்தேன். எங்கள் ஊர்க் கோவில் திருவிழாவில், நாங்கள் நோம்பி என்போம், வாங்கியது. தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து பெட்டியைத் திறப்பேன். எங்கள் பக்கத்தில் சாமியிடம் மனசுக்குள் பேசுகிற பழக்கம் இல்லை. வாய்விட்டுத்தான் கேட்போம். நானும் கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகவே கேட்பேன்.

"ஆத்தா, எனக்கு ஊட்டுச் சோறு குடு. வேற ஒண்ணுங் கேக்கல. ஊட்டுச் சோறு ஒரு வாய் குடு, எறங்கீரும். பரீச்சை எழுதீட்டு வந்து உனக்கு மாவெளக்கு எடுக்கறேன்."

தினமும் இதே வேண்டுதல். திலகா பாட்டுக்கு அவள் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

புதன்கிழமை பரீட்சை தொடங்க இருந்தது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க ஆள் வந்திருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் அம்மா! தனியாகப் பஸ் ஏறித் தெரியாத ஊருக்கு வந்து, விசாரித்து விசாரித்து ஹாஸ்டலைக் கண்டுபிடித்திருக்கிறாள். கையில் ஒரு தூக்குப் போசி. திறந்தால் அரிசியும் பருப்பும் சேர்த்த சோறு, மேலே நெய், தனியாகக் கத்திரிக்காய்க் குழம்பு. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நான் எழுதிக் கேட்கவில்லை, சொல்லி அனுப்பவில்லை. ஆத்தாவிடம் மட்டும்தான் கேட்டேன். ஊட்டுச் சோறு வந்துவிட்டது. திலகா படித்துக்கொண்டிருந்த எங்கள் அறைக்கு அம்மாவைக் கூட்டிப்போய், அழுதுகொண்டே கை கழுவினேன்.

இறங்கவில்லை.

அம்மாவின் கை மணம் அப்படியே இருந்தது. நெய் மணம் அப்படியே இருந்தது. தொண்டையும் அப்படியேதான் இருந்தது. அம்மா எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தின்னு சாமி, தின்னு சாமி" என்றாள். அவள் சொல்லச் சொல்ல அடைப்பு கூடியது. வைத்த ஒரு வாயையும் ஓடிப்போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

அம்மா என்னைத் திட்டவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "போதுஞ் சாமி. செவ்வாக்கெழம அப்பாவ வரச் சொல்றேன். நீ ஊட்டுக்கு வந்துரு" என்றாள். போசியை என் கட்டிலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்றைக்குத்தான் எனக்கு உண்மையான இருட்டு. அதுவரைக்கும் வீட்டுச் சோறு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு பிடிமானம் இருந்தது. அது வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. பெட்டியைத் திறந்து படத்தைப் பார்த்தேன். "கேட்டதைக் குடுத்துட்டே. எறங்கலியே ஆத்தா. இனி என்ன கேக்கறது?" என்றேன். எனக்கு அவள் மேல் கோபம் இல்லை. கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்பதுதான் தாங்க முடியவில்லை.

திலகா முறுக்கு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"ஏன்டி, நீ கேட்டத உங்கம்மா எங்க செஞ்சாங்க?" என்றாள்.

"இதா, போசி நெறையக் கொண்டாந்து வெச்சிருக்குதே?"

"சோறு கொண்டு வந்தாங்க. ஊட்டவே இல்லையே! நீ தெனமும் ஊட்டுச் சோறு, ஊட்டுச் சோறுன்னுதானே கேக்குற? இவ்வளவு பெரிய பொண்ணு அம்மாவை ஊட்டிவிடச் சொல்ல வெக்கப்பட்டு, சாமிகிட்ட கேக்குறான்னு நெனச்சேன். நீயே எடுத்துத் தின்னா அது எப்படிடி ஊட்டுச் சோறாகும்?"

ஒரு நிமிஷம் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. வாத்தியார் மகள் காதில் என் வேண்டுதல் இத்தனை நாளும் அப்படித்தான் விழுந்திருக்கிறது! தாய் குழந்தைக்கு ஊட்டுகிற சோறு. கழுதை மாதிரி வளர்ந்த பெண் தினமும் குளித்து முழுகி வந்து, கண்ணை மூடி, எனக்கு யாராவது ஊட்டிவிடுங்கள் என்று ஆத்தாவிடம் கெஞ்சியிருக்கிறேன். அதை இவளும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளாக அடைந்து கிடந்த சிரிப்பு. "அடியே, ஊட்டுச் சோறுன்னா வீட்டுச் சோறுடி!" என்று சொல்ல வாயைத் திறந்தேன். பாதியில் சொல் உடைந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவளும் என்ன ஏது என்று தெரியாமலே சிரித்தாள். சிரித்துக்கொண்டே டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, கை கழுவிவிட்டு வந்து போசியைத் திறந்தாள். ஒரு உருண்டை பிடித்துத் திறந்திருந்த என் வாயில் வைத்துவிட்டாள்.

இறங்கிவிட்டது.

நான் விழுங்கினேன் என்றுகூடச் சொல்ல மாட்டேன். அது பாட்டுக்கு இறங்கியது. சிரிப்பு நின்று அழுகை வந்தது. அவள் அடுத்த உருண்டையைப் பிடித்தாள். "வாயத் தொற. பேசாத. அப்புறம் அழுதுக்கலாம்" என்றாள். அவள் என் வாயைப் பார்க்கவில்லை. படிக்க வேண்டிய பாடத்தைச் சொல்லிக்கொண்டே ஊட்டினாள். இடையில் ஒரு வாய் தானும் தின்றாள். ஒரு வாய் எனக்கு, ஒரு வாய் அவளுக்கு. போசி காலியாகும் வரைக்கும் பயம் என்ற ஒன்று அறையில் இருப்பதையே நான் மறந்திருந்தேன். எங்கள் ஊரில் யார் என்ன என்று தெரியாத கையில் ஒரு வாய் வாங்கித் தின்ன மாட்டார்கள். அந்த ஞாபகமும் எனக்கு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அப்பா வந்தார். ஹாஸ்டல் வாசலில் ஒரு வேப்பமரம் உண்டு. அதன் அடியில் நானும் திலகாவும் உட்கார்ந்திருந்தோம். அவள் மெஸ் தட்டிலிருந்து எனக்குச் சாம்பார் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாக ஹாஸ்டலே எங்களைக் கேலி செய்து ஓய்ந்திருந்தது. அப்பா வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் தோளில் துண்டோடு நிற்கிறார். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. என் வாயில் சோறு. எழவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. அவசரமாக விழுங்கினேன். அது இறங்குவதை அப்பா பார்த்தார்.

எங்கள் பக்கத்தில் புதிதாக ஒரு பிள்ளையைப் பார்த்தால் பெரியவர்கள் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. அதையே அப்பாவும் கேட்டார்.

"இது யாரு ஊட்டுப் புள்ள சாமி?"

திலகா என்னைப் பார்த்தாள். அவளுக்கு அது ஊட்டுகிற பிள்ளை யார் என்றுதான் காதில் விழுந்திருக்கும்.

"நான்தாங்க" என்றாள்.

அப்பா விழித்தார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "நம்ம ஊட்டுப் புள்ளைங்கப்பா" என்றேன்.

அப்பா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திலகாவின் சோற்றுக் கையைப் பார்த்தார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அப்போதுதான்.

"அப்ப நான் வந்த பஸ்ஸுக்கே திரும்பிப் போறேன் சாமி. மிச்சத்தையுந் தின்னுட்டுப் போய்ப் படிங்க" என்றார்.

போய்விட்டார். தனியாகத்தான் போனார்.

பரீட்சை முடியும் வரை திலகா எனக்கு ஊட்டினாள். ஒவ்வொரு நாளும் இறங்கியது என்று சொன்னால் அது பொய். கணக்குப் பரீட்சைக்கு முன்னால் பாதிதான் இறங்கியது. பயமும் போய்விடவில்லை. ஆனால் மயங்கி விழவில்லை. எல்லாப் பரீட்சையும் முழுசாக எழுதினேன், தேறினேன். அதிசயம் எனக்கு மட்டும் நடக்கவில்லை என்பது பெட்டி கட்டும்போதுதான் தெரிந்தது. திலகா கட்டிலுக்கு அடியிலிருந்து டப்பாவை இழுத்துத் திறந்தாள். முறுக்கு மிச்சம் இருந்தது! அவளே நம்பாமல் உள்ளே கை விட்டுப் பார்த்தாள். எனக்கு ஊட்டிய நேரமெல்லாம் அவள் கைக்கு வேலை இருந்திருக்கிறது. என் கூடவே ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறாள். நிற்க மாட்டேன் என்ற அந்தக் கை தானாக நின்றிருக்கிறது.

வைகாசியில் ஊரில் மாவிளக்கு எடுத்தேன். திலகாவும் வந்திருந்தாள். கோவிலில் அம்மா மாவிளக்கு மாவைப் பிட்டு முதல் வாயைத் திலகாவுக்கு ஊட்டினாள். இரண்டாவதுதான் எனக்கு. ஆத்தாவின் முகத்தைப் பார்த்து நின்றேன். நான் கேட்டது வீட்டுச் சோறு. அதை அவள் அனுப்பினாள், இறங்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது பக்கத்தில் உட்கார்ந்து என் கூடவே சாப்பிடுகிற ஒரு ஆள் என்று எனக்கே தெரியாது. அதைக் கேட்கச் சொல்லும் என்னிடம் இல்லை. நான் வேறு எதையோ நினைத்துச் சொன்ன சொல்லுக்குள்ளேயே அதை வைத்து, தம்மம்பட்டியிலிருந்து ஆளையும் வரவழைத்து வைத்திருந்தாள்.

படிப்பை முடித்து இப்போது ஓமலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். எங்கள் வளவிலிருந்து எனக்குப் பிறகு மூன்று பெண்கள் கல்லூரிக்குப் போயிருக்கிறார்கள். பரீட்சை நேரத்தில் என் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் படித்தாயா என்று கேட்பதில்லை, சாப்பிட்டாயா என்றுதான் கேட்பேன். இறங்கவில்லை என்று சொல்கிற பிள்ளையும் உண்டு, நிறுத்த முடியவில்லை என்று சொல்கிற பிள்ளையும் உண்டு. இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து நானும் கூட உட்கார்ந்து சாப்பிடுவேன். டாக்டரிடமும் அனுப்புவேன். ஆத்தாவிடம் கேட்கவும் சொல்வேன்.

அதையே உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டில் பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை என்றால் திட்டாதீர்கள், எதிரில் உட்கார்ந்து வாயைப் பார்க்காதீர்கள், கூட உட்கார்ந்து நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்கள். ஆத்தாவிடம் உங்களுக்குத் தெரிந்த பேச்சிலேயே கேளுங்கள். எழுத்து விழுங்கிப் போனாலும் பரவாயில்லை. அவளுக்கு எங்கள் ஊர்ப் பேச்சும் தெரியும், திலகா ஊர்ப் பேச்சும் தெரியும். கேட்டுவிட்டு, வாயை மட்டும் திறந்து வையுங்கள்.